எட்டாவது ஆளு

சினிமாவுல வர்ற கபடியில எப்பவுமே கடைசி நிமிஷம், கடைசிப் பாட்டுதான். ஹீரோ கோட்டைத் தொடுவார், எதிரணி ஏழு பேரும் மேல விழுந்து கிடப்பாங்க, தூசி அடங்கினதும் நடுக்கோட்டுக்கு மேல ஒரு விரல் மட்டும் தெரியும். 'கில்லி' வந்தப்ப (2004) நான் ரெண்டாம் கிளாஸ். 'வெண்ணிலா கபடிக்குழு' வந்தப்ப (2009) ஏழாம் கிளாஸ். ரெண்டு படத்துக்கு அப்புறமும் எங்க ஊர் கண்மாய்ப் பொட்டல்ல ஒரு வாரம் ஆளாளுக்குப் பாடிட்டுத் திரிஞ்சோம். எல்லாருக்கும் பாடுறவனாத்தான் இருக்கணும். பிடிக்கிறதுக்கு ஆளே கிடைக்காது. வெளியில உக்காந்திருக்கிற ஆளா இருக்கணும்னு ஒருத்தன் கூட ஆசைப்பட்டதில்ல :-)

இந்தப் பதிவு அந்த வெளியில உக்காந்திருக்கிற ஆளைப் பத்தினது. கோச். கபடியில களத்துல ஏழு பேர். என்னைக் கேட்டா எட்டாவது ஆளும் உண்டு, கோட்டுக்கு வெளியில.

கபடி தெரிஞ்சவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடலாம். தெரியாதவங்களுக்காக ப்ரோ கபடி விதிகள் சுருக்கமா. ஒரு பக்கம் 7 பேர், 20 நிமிஷம் ரெண்டு பாதி. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. தொட்டுட்டு வந்தா தொட்ட ஆள் வெளியே, பிடிபட்டா பாடப் போனவன் வெளியே. நாம ஒரு ஆளை அவுட் பண்ணினா நம்மாளு ஒருத்தன் உள்ளே வருவான். எதிர்ல 6 பேரோ 7 பேரோ இருந்தா மட்டும் போனஸ் கோடு உண்டு. ஆனா போனஸ் எடுத்தா பாயின்ட் மட்டும்தான், வெளியில இருக்கிற ஆள் உள்ள வரமாட்டான். ஏழு பேரும் அவுட்டானா ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலா 2 பாயின்ட், அத்தோட ஏழு பேரும் திரும்ப உள்ள.

இதுக்கு மேல ரெண்டு விதி. ரெண்டு ரெய்டு தொடர்ந்து வெறுங்கையோட வந்தா மூணாவது ரெய்டு 'டூ ஆர் டை'. பாயின்ட் எடுக்காம திரும்பினா பாடினவனே அவுட். இன்னொண்ணு, களத்துல 3 பேரோ அதுக்குக் கீழயோ இருக்கும்போது எதிராளியைப் பிடிச்சா 'சூப்பர் டேக்கிள்', 1-க்குப் பதிலா 2 பாயின்ட்.

இந்த ரெண்டு விதியும்தான் கபடியை உடம்பு பலத்துல இருந்து கணக்குப் பக்கம் இழுத்துட்டு வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். எப்படின்னு பாருங்க. நாம 4 பாயின்ட் முன்னாடி இருக்கோம், அஞ்சு நிமிஷம் பாக்கி. இப்ப நம்ம முதல் ரெண்டு ரெய்டும் சும்மா போயிட்டு வரலாம். கோட்டைத் தாண்டி, பேருக்குக் காலை நீட்டி, 30 விநாடியைக் கரைச்சுட்டு வந்தாப் போதும். மூணாவதுக்கு மட்டும் அதுக்குன்னே இருக்கிற ஒரு ஆளை அனுப்பணும். பாடுற எல்லாருக்கும் அது வராது. தொட்டே ஆகணும்னு தெரிஞ்சு உள்ள போறது வேற மனசு. எதிரணியும் அவனுக்காகவே காத்துட்டு இருக்கும்.

இன்னொரு நிலைமை. நம்ம பக்கம் ரெண்டே பேர். நம்ம பெரிய ரெய்டர் வெளியில உக்காந்திருக்கான். இப்ப ரெண்டு வழி. ரெண்டு பேரும் உயிரைக் கொடுத்து சூப்பர் டேக்கிளுக்கு முயற்சி பண்ணலாம். இல்ல, 'சீக்கிரம் ஆல் அவுட் ஆகித் தொலைங்கடா, ரெண்டு பாயின்ட் போனாப் போகுது, ஏழு பேரும் உள்ள வரட்டும்'னு முடிவு பண்ணலாம். மேடையில இருந்து பார்க்கிறவனுக்கு ரெண்டாவது வழி கோழைத்தனமாத் தெரியும். ஆனா கடிகாரத்துல நேரம் நிறைய இருந்தா அதுதான் பல சமயம் சரியான கணக்கு. எதிரணி கோச்சும் சும்மா இருக்க மாட்டார். ஆல் அவுட் பண்ணினா அந்தப் பெரிய ரெய்டர் வந்துடுவானேன்னு, அந்த ரெண்டு பேரை அவுட்டாக்காமலே கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுவார். ரெண்டு பக்கமும் சதுரங்கம்தான். என்ன, இங்க காய்களுக்கு வேர்க்கும், ரத்தம் வரும்.

இப்ப நம்ம தமிழ் தலைவாஸ். ப்ரோ கபடி 2014-ல ஆரம்பிச்சுது, தலைவாஸ் 2017-ல அஞ்சாவது சீசன்ல சேர்ந்தாங்க. முதல் சில வருஷம் ரசிகனா இருந்தது பெரிய தவம். 2019 சீசனுக்கு அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர்னு பேரைக் கேட்டாலே சும்மா அதிரும் அளவுக்கு ஆள் சேர்த்தாங்க. அந்த வருஷம் 12 அணியில 12-வது இடம். பெரிய ஆட்களை வரிசையா நிக்க வெச்சா அணி ஆகிடாதுன்னு அப்பவே தெரிஞ்சுது.

2022. ஒன்பதாவது சீசன். ஏலத்துல பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. அது அன்னிக்கு வரைக்கும் ப்ரோ கபடியிலயே பெரிய தொகை. ஆபீஸ்ல நாங்க நாலு பேர் டீ குடிக்கும்போது இதே பேச்சுதான். அக்டோபர்ல பெங்களூரு, குஜராத் கூட முதல் ஆட்டம். எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போய் பவனுக்கு முட்டியில அடி. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்த ஆட்டம் 31-31 சமன். ஆனா பவனுக்கு அந்த சீசனே அத்தோட முடிஞ்சுது.

எங்க தொழில்ல ஒரு வார்த்தை உண்டு, 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'. ஒரே ஒரு சர்வரை நம்பி மொத்த சிஸ்டத்தையும் கட்டி வெச்சிருப்போம். ராத்திரி ரெண்டு மணிக்கு அது படுத்துடும். அப்புறம் ஆளாளுக்கு போன் அடிக்கும். தலைவாஸுக்கு நடந்தது அதேதான். முதல் நாளே, முதல் பாதியிலயே.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கதை. சீசன் ஆரம்பத்துல உதயகுமார் கோச், நடுவுல அஷன் குமார் வந்தார். பவனுக்குப் பதிலா இன்னொரு பவனைத் தேடலை. அது கடையில கிடைக்கிற சாமான் இல்லையே. பாரத்தைப் பிரிச்சாங்க. நரேந்தர்னு ஒரு பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன். முன்னணி ரெய்டர் இடம் அவனுக்கு. கூட அஜிங்க்யா பவார் மாதிரி ஆளுங்க. பின்னாடி ரெண்டு கார்னர்ல சாகரும் சாஹிலும், கவர்ல நம்ம தமிழ்நாட்டு அபிஷேக். ஆட்டத்தோட எடையை ரெய்டுல இருந்து கொஞ்சம் தடுப்புப் பக்கம் நகர்த்தினாங்க. ரெய்டர் எல்லாத்தையும் ஜெயிச்சுக் கொடுக்க வேண்டியதில்ல, பாடிட்டு உயிரோட திரும்பி வந்தாப் போதும், மீதியைப் பிடிச்சுப் பார்த்துக்கலாம்ங்கிற ஆட்டம். அந்தப் பையன் அந்த சீசன் முடியும்போது 243 ரெய்டு பாயின்ட்!

லீக்ல 5-வது இடம். தலைவாஸ் முதல் தடவையா ப்ளே ஆஃப். டிசம்பர் 13, மும்பையில உ.பி. யோதாஸ் கூட எலிமினேட்டர். அந்தப் பக்கம் பர்தீப் நர்வால். 40 நிமிஷம் முடிஞ்சு 36-36. டை பிரேக்கர்.

கோச்சோட மூளை அப்படியே வெட்ட வெளிச்சத்துக்கு வர்ற இடம் இந்த டை பிரேக்கர்தான். ரெண்டு பக்கமும் ஆளுக்கு 5 ரெய்டு. அஞ்சுக்கும் அஞ்சு வேற வேற ஆள் போகணும். ஏழு பேரும் களத்துலயே இருப்பாங்க, அவுட்டானாலும் வெளிய போக வேண்டாம். பாக் கோடே போனஸ் கோடாவும் ஆகிடும். இதுல என்ன சிக்கல்னா, எந்த அணியிலயும் நல்ல ரெய்டர் மூணு பேர்தான் தேறுவான். நாலாவது, அஞ்சாவது ஆள்? வாழ்நாள் பூரா கார்னர்ல நின்னு கணுக்காலைப் பிடிச்சுட்டு இருந்தவனைக் கூடப் பாட அனுப்ப வேண்டி வரலாம். யாரை முதல்ல அனுப்புறது, யாரைக் கடைசியில ஒளிச்சு வெக்கிறது? பாக் கோட்டைத் தாண்டிட்டு வந்தா ஒரு பாயின்ட் நிச்சயம், ஆனா அவ்வளவு தூரம் வர வெக்கிறதுக்கே எதிரணி காத்திருக்கும். வருஷம் பூரா பயிற்சியில அந்த நாலாவது, அஞ்சாவது ஆளை ஒரு தடவையாவது பாட விட்ட கோச்சுக்குத்தான் அன்னிக்கு விடை தெரியும். 6-4. தலைவாஸ் அரையிறுதிக்குப் போயாச்சு.

ரெண்டு நாள் கழிச்சு புனேரி பல்டன் கூட அரையிறுதி. முதல் பாதியில நாமதான் முன்னாடி. ரெண்டாம் பாதியில புனே ஆட்டத்தை மாத்தினாங்க, பங்கஜ் மோஹிதே நம்ம தடுப்பைப் பிரிச்சுப் போட்டார். 37-39. ரெண்டே பாயின்ட். மறுநாள் எல்லாரும் சொன்னது என்ன? 'பவன் இருந்திருந்தா'. நான் மட்டும் வேற மாதிரி யோசிச்சேன். முதல் ஆட்டத்துலயே முதுகெலும்பு முறிஞ்ச அணியை ஒருத்தர் அரையிறுதி வரைக்கும் நடத்திட்டு வந்திருக்கார். அதை யாரும் பேசலையே?

நடுவுல ஒரு பனிக்கட்டிக் கதை. கம்பெனி வேலையா மூணு மாசம் டொராண்டோவுல இருந்தேன். காரைக்குடிக்காரனுக்கு மைனஸ் பதினஞ்சு எல்லாம் எப்படி இருக்கும்னு கேட்காதீங்க, அதைத் தனிப் பதிவா எழுதலாம். அங்க கூட வேலை பார்த்தவர் ஐஸ் ஹாக்கி மேட்ச்னா டிவி முன்னாடியே குடியிருப்பார். முதல் நாள் எனக்கு ஒண்ணுமே புரியல. அந்தப் பந்து, அதாவது பக், எங்க இருக்குன்னே தெரியல. ரெண்டாவது நாள் ஒரு விஷயம் பளிச்சுனு பட்டுச்சு. தப்பு பண்ணின ஆளை ரெண்டு நிமிஷம் பெட்டியில உக்கார வெக்கிறாங்க, மீதி நாலு பேரும் கோலியும்தான் சமாளிக்கணும். அந்த நாலு பேர் கோல் முன்னாடி ஒரு சதுரமா நின்னுக்கிட்டு, முன்னாடி பாயாம, எதிராளியை ஓரமாவே சுத்த விடுறாங்க. அடடே, இது நம்ம நாலு பேர் நிக்கிற தடுப்பாச்சே! ஆள் குறைஞ்சா இடத்தைச் சுருக்கு, ஆசைப்பட்டுப் பாயாதே. கண்மாய்ப் பொட்டல்ல எங்க மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான்.

அங்க கோச்சுக்கு ஆட்டத்துக்கு ஒரே ஒரு டைம் அவுட், 30 விநாடி. ஆனா ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே ஆளை மாத்திக்கிட்டே இருக்கலாம், ஒருத்தன் ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் கூட நிக்கிறதில்ல. கடைசியில ஒரு கோல் பின்னாடி இருந்தா கோலியையே வெளிய எடுத்துட்டு ஆறாவது ஆட்டக்காரனை இறக்குவாங்க. கோல் வாசல் திறந்து கிடக்கும். 2013-14 சீசன்ல பேட்ரிக் ராய்னு ஒரு கோச், கொலராடோ அணிக்கு, வழக்கத்தை விட ரொம்ப முன்னாடியே இதைச் செஞ்சார். இத்தனைக்கும் அவரே உலகப் புகழ் பெற்ற கோலி! தான் நின்ன இடத்தையே காலி பண்ணத் துணிஞ்ச ஆளு. அந்த வருஷம் சிறந்த கோச் விருதும் அவருக்குத்தான்.

நம்ம பக்கமும் ஒரு உதாரணம். ஆசிய விளையாட்டுல 1990-ல கபடி வந்ததுல இருந்து 2014 வரைக்கும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். 2018 ஜகார்த்தாவுல ஈரான் அரையிறுதியிலயே நம்மை வெளிய அனுப்பிட்டாங்க. பெண்கள் இறுதியிலயும் ஈரான்தான், 27-24. அந்த ஈரான் பெண்கள் அணிக்கு கோச் யாரு தெரியுமா? நம்ம ஊர் ஷைலஜா ஜெயின், மகாராஷ்டிராவுல நாசிக்காரம்மா. ஆட்டம் நம்மளோடது, ஆனா அதை உக்காந்து சொல்லிக் கொடுத்த மூளையை வேறொருத்தர் மதிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.

சரி, இவ்வளவு எழுதினதுக்குக் காரணம் எங்க ஊர் விஷயம்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல மெயின் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்க ஊர். பொங்கலுக்குச் சுத்துப்பட்டு ஊர்ல மஞ்சுவிரட்டுன்னா எங்க ஊர்ல கபடி. தண்ணி தெளிச்சு, மண்ணைக் கொத்திச் சலிச்சு, டியூப்லைட் கட்டி, விடிய விடிய நடக்கும். எங்க அணிக்கு மாஸ்டர், பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். காசு வாங்கினதில்ல. தலைவாஸ் அரையிறுதி முடிஞ்ச அடுத்த மாசம், 2023 பொங்கல். ஃபைனல்ஸ். நான் ஸ்கோர் எழுதிட்டு இருந்தேன்.

எங்க அணியோட பெரிய ரெய்டர் என் சித்தப்பா மகன். அப்ப அவனுக்கு 19 வயசு. முதல் பாதியில எங்க பக்கம் போன 20 ரெய்டுல 13 அவன்தான் போயிருக்கான். நோட்டுல இருக்கு. 5 பாயின்ட் முன்னாடி இருந்தோம். இடைவேளையில மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு வலது காலை ஊனி உக்காந்து எந்திரிக்கச் சொன்னார். எந்திரிச்சான், ஆனா மூஞ்சி காட்டிக் கொடுத்துடுச்சு. அரையிறுதியிலயே முட்டி லேசாப் பிசகியிருக்கு, வெளிய சொல்லாம துணியைச் சுத்திட்டு ஆடியிருக்கான்.

"நீ உக்காருப்பா"ன்னார்.

"சார், ஒண்ணுமில்ல சார், ஓடிரும் சார்."

"ஓடும். எனக்குத் தெரியும். உக்காரு."

ரெண்டாம் பாதியில அவர் சும்மா இல்ல. கார்னர்ல நின்ன பையனை மூணாவது ரெய்டுக்குத் தயார் பண்ணினார், முதல் ரெண்டு ரெய்டும் நேரத்தைக் கரைக்கச் சொன்னார், தடுப்பைப் பின்னாடி இழுத்தார். ரெண்டு தடவை சூப்பர் டேக்கிள் கூட வந்துச்சு. ஆனா வந்திருந்தது நல்ல அணி. கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டாங்க. கடைசி மூணு நிமிஷம் ஊரே எந்திரிச்சு நின்னு அவன் பேரைச் சொல்லிக் கத்துது. கமிட்டிக்காரங்க மாஸ்டர்கிட்டயே வந்துட்டாங்க. மைக்குல இருந்தவர் கூட "மாஸ்டர் மனசு வைக்கணும்"னு சொல்லிப் பார்த்தார். அவர் திரும்பியே பார்க்கலை. 3 பாயின்ட்ல தோத்தோம். சுழற்கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவரைப் பேசாத பேச்சில்ல. காசு வாங்கிட்டார்னு கூடச் சொன்னாங்க. எங்க அப்பத்தா மட்டும் "அவரு ஒருத்தருதான் அந்தப் புள்ளை காலைப் பார்த்தாரு, மத்தவக எல்லாம் கோப்பையைப் பார்த்தீக"ன்னுச்சு. யாரும் காதுல வாங்கலை.

நாலு நாள் கழிச்சு மதுரையில ஸ்கேன் எடுத்தோம். முட்டி லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்கு. இன்னொரு தடவை திருகியிருந்தா முழுசாப் போயிருக்கும், ஆபரேஷன்தான்னு டாக்டர் சொன்னார். எட்டு மாசம் பயிற்சி, ஐஸ் கட்டி, வீட்டுப் படிக்கட்டு. மாஸ்டர் தினமும் சாயங்காலம் சைக்கிள்ல வந்து அவனைக் கண்மாய்க்கரையில நடக்க வெச்சார், அப்புறம் ஓட வெச்சார். அவன் போலீஸ் தேர்வு எழுதினான். அதுல ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். ஓடினான். இன்னிக்குக் காக்கிச் சட்டை போட்டுட்டுத் திரியறான். சித்தப்பா வீட்டுல மாசம் பொறந்தா சம்பளம் வருது.

ஆனா ஊர் அந்த மூணு பாயின்ட்டை மறக்கலை. 2024 பொங்கலுக்கு மாஸ்டரைக் கூப்பிடலை. அதுக்கு அடுத்த வருஷமும் கூப்பிடலை. வேற ஒருத்தரை வெச்சாங்க, "ஜெயிச்சுக் கொடுப்பார்"னு. ஒரு தடவை ஜெயிச்சும் கொடுத்தார். நான் அதைத் தப்புன்னு சொல்லலை, கோப்பை வந்தா எனக்கும் சந்தோஷம்தான்.

என் கேள்வி ஒண்ணுதான். பவன் ஷெராவத்துக்கு அடிபட்டா பார்க்க ஃபிசியோ உண்டு, டாக்டர் உண்டு, ஒரு வருஷம் உக்கார்ந்து திரும்பி வர்றதுக்குப் பணம் உண்டு. அடுத்த சீசன்ல இன்னொரு அணி அவரை இன்னும் அதிக விலைக்கே எடுத்துச்சு. எங்க ஊர்ப் பையனுக்கு இருந்தது யாரு? கோட்டுக்கு வெளியில நின்ன அந்த ஒருத்தர்தான் அவனுக்கு ஃபிசியோ, டாக்டர், இன்சூரன்ஸ் எல்லாம். யாரை உள்ள அனுப்பணும்னு ஊரே சொல்லும். யாரை அனுப்பக் கூடாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும், சொன்ன அப்புறம் தோல்வியைத் தாங்குறதுக்கும் அதே ஆளுதான் வேணும்.

போன வாரம் பொங்கல் வரி கேட்டு கமிட்டித் தம்பிங்க போன் பண்ணினாங்க. மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டா எங்க வீட்டு வரியோட சேர்த்து, முட்டிக்குப் போடுற உறை ஏழு ஜோடி, முதலுதவிப் பெட்டி, ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு டைம் அவுட் விதி எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு சொன்னேன். "பேசிட்டுச் சொல்றோம்ணே"ன்னு வெச்சுட்டாங்க. மாஸ்டர்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. அவரா கேட்கவும் மாட்டார். ஆனா சித்தப்பா சொன்னார், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பத்துப் பன்னிரண்டு வாண்டுகளைக் கூட்டி வெச்சுக்கிட்டு இன்னமும் கண்மாய்க்கரையில நிக்கிறாராம். முதல்ல எப்படி விழணும்னு சொல்லிக் கொடுக்கிறாராம். பாடுறதெல்லாம் அப்புறம்தானாம்.

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி ஒரு எட்டாவது ஆள் இருந்தா எழுதுங்க மக்களே. ஸ்கோர் நோட்டுல அவர் பேருக்குன்னு ஒரு கட்டம் கூடக் கிடையாது.